வேலைவாய்ப்பு முகாம்

நுழையும்முன்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நம் தீவிலிருந்து பலர் கப்பலேறுகின்றனர். சிலர் மேற்படிப்புக்குச் செல்கின்றனர். சிலர் வேலைக்குச் செல்கின்றனர். எங்கே வேலை இருக்கிறது, அதற்கு என்ன ஊதியம் என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்? அவர் சொன்னது முழு உண்மையா? இவ்விரு வினாக்களும் இன்று தோன்றியவை அல்ல. கடல் கடந்து உழைக்கச் சென்ற தமிழர் அனைவரும் இவற்றை எதிர்கொண்டனர். வேலை தருபவரையும் வேலை தேடுபவரையும் நேருக்கு நேர் அமரவைக்கும் முகாமைப் பற்றியும், அங்கே நாம் கேட்க வேண்டியவற்றைப் பற்றியும் இப்பாடம் கூறுகிறது.

1. தேடுவோர் இருவர்

வேலை தேடுபவர் ஒருவர். வேலைக்கு ஆள் தேடுபவர் மற்றொருவர். இருவரும் ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் அறியாதிருக்கலாம். ஹட் பே துறைமுகத்தருகே படகுப் பொறி பழுதுபார்க்கும் பட்டறைக்காரர் ஒருவர் உதவியாளர் கிடைக்கவில்லையே என வருந்திக்கொண்டிருப்பார். சில கிலோமீட்டருக்கு அப்பால், பொறிப் பயிற்சி முடித்த இளைஞர் ஒருவர் வேலை கிடைக்கவில்லையே என வீட்டில் அமர்ந்திருப்பார். இருவருக்கும் இடையே குறைவது பணமும் திறமையும் அல்ல, செய்தி மட்டுமே.

அச்செய்தியைக் கொண்டுவருபவர் யார் என்பதைப் பொறுத்தே தொழிலாளியின் வாழ்வு அமைகிறது. உறவினர் கொண்டுவரலாம்; தரகர் கொண்டுவரலாம்; அரசு அலுவலகம் கொண்டுவரலாம். இடையில் நிற்பவர் தமக்கு ஆதாயமானவற்றை மட்டும் சொல்லி மற்றவற்றை மறைத்தால், அதன் விலையை உழைப்பவரே கொடுக்க நேரிடும்.

2. சந்தையில் நின்ற மனிதர்

பண்ணை வேலைக்கு ஆள் எடுக்க இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக ஆண்டுச் சந்தைகள் நடைபெற்றன. பொருள்களோடு மனிதரும் அங்கே வரிசையில் நின்றனர். எவர் எத்தொழில் அறிந்தவர் என்பது பார்த்ததும் விளங்க வேண்டும் அல்லவா? அதற்காக ஆட்டிடையர் கம்பளி மயிர்க் கற்றையை அணிந்து நின்றார். வண்டியோட்டி சாட்டைக் கயிற்றைச் செருகி நின்றார். வீட்டுவேலை செய்யும் பெண் தரை துடைக்கும் துடைப்பத்தை ஏந்தி நின்றாள். பண்ணையார் ஒருவர் பேசி முடித்து, ஒரு நாணயத்தைக் கையில் வைத்தால் உடன்பாடு முடிந்ததாகப் பொருள். பெரும்பாலும் அது ஓராண்டுக்கு உரிய உடன்பாடு.

இன்றும் தமிழ்நாட்டு நகரங்களின் முச்சந்திகளில், விடியற்காலையில், கொத்தனார்களும் சித்தாள்களும் கரண்டியோடும் மண்வெட்டியோடும் நிற்பதைக் காணலாம். அன்றைய வேலை கிடைக்குமா என்பது அவ்வழியே ஒப்பந்தக்காரர் வருவதைப் பொறுத்தது. இங்கே வேலை தருபவரும் பெறுபவரும் நேரில் சந்திக்கின்றனர். ஆயினும் எழுத்து இல்லை; சாட்சி இல்லை. சொன்ன கூலி மாலையில் குறைந்தால் முறையிட இடமில்லை. ஆகவே நேரில் சந்திப்பது மட்டும் போதாது என்பதை நினைவில் கொள்வோம்.

3. கங்காணியும் துண்டும்

நேரில் சந்திக்காமலேயே ஆள் எடுத்த முறை ஒன்றும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து பெருந்திரளாகத் தொழிலாளர் சென்றனர். வெள்ளையரான தோட்டத் துரை ஊர்தோறும் சென்று ஆள் தேடவில்லை. அவருக்காகத் தேடியவர் கங்காணி. 'கண்காணி' என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

கங்காணி தோட்டத்திலிருந்து முன்பணம் பெற்றுக்கொண்டு தம் ஊருக்கு வருவார். உறவினர்க்கும் ஊரார்க்கும் தோட்டத்தின் வளத்தை எடுத்துரைப்பார். பழைய கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் பணம் கொடுப்பார். அப்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். தோட்டத்தை அடையுமுன்பே அவர் கடனாளியாகிவிடுவார். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்காகவும் கங்காணிக்கு நாள்தோறும் ஒரு சிறுதொகை கிடைத்தது. ஆள்களை நீங்கவிடாமல் வைத்திருப்பது இதனால் அவருக்கு ஆதாயமாயிற்று.

தொழிலாளர் குழுவின் கடன்தொகை இலங்கையில் ஒரு சிறு சீட்டில் எழுதப்பட்டது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். வேறொரு தோட்டத்துரை அத்தொகையைச் செலுத்தினால் குழு முழுவதும் அங்கே மாறிச் செல்லும். மனிதரின் உழைப்பு ஒரு சீட்டில் அடங்கிக் கைமாறியது. உழைப்பவரோ அச்சீட்டில் எழுதியிருப்பதை அறியாதவராயிருந்தார். 1921ஆம் ஆண்டில் இலங்கையில் சட்டத்தின்வழித் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப்பணம் தந்து தொழிலாளரை அழைத்துச் செல்வதைத் தடை செய்தது.

கங்காணிகள் அனைவரும் தீயவர் அல்லர். தம் ஆள்களுக்காகத் துரையிடம் வாதாடியவர்களும் அவர்களுள் இருந்தனர். குறை ஒரு மனிதரிடம் இல்லை; உழைப்பவர் ஒன்றையும் கேட்டறிய முடியாதபடி அமைந்த முறையிலேயே அது இருந்தது.

4. தீவுக்கு வந்த வழி

இவ்வரலாறு நமக்குத் தொலைவில் உள்ளதன்று. அந்தமான் காடுகளில் மரம் வெட்டவும் நிலம் திருத்தவும் 1918 முதல் சோட்டாநாக்பூர்ப் பகுதியிலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். ராஞ்சி நகரின் வழியாக வந்ததால் அவர்கள் இன்றும் 'ராஞ்சி மக்கள்' எனப்படுகின்றனர். உங்கள் வகுப்பிலும் அக்குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி இலங்கைத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். அவர்களுள் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. கங்காணியின் பின்னே இலங்கைக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் கச்சாலில் ரப்பர்ப் பால் எடுத்தனர். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் பெருந்துயர் அடைந்த தீவுகளுள் கச்சாலும் ஒன்று.

லிட்டில் அந்தமானில் 1970களில் எண்ணெய்ப் பனைத் தோட்டம் உருவாயிற்று. மரம் வெட்டும் தொழிலும் நடைபெற்றது. 2002இல் உச்ச நீதிமன்றம் தீவுகளின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. காடுகள் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மரத்தொழிலை நம்பி வந்தவர்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. ஒரே தொழிலையும் ஒரே முதலாளியையும் நம்பிய ஊர், அத்தொழில் நின்றதும் தளர்ந்துவிடுகிறது. எங்கெங்கே எவ்வெவ் வேலைகள் உள்ளன என்னும் செய்தி அத்தகைய ஊருக்கு உணவுபோல் இன்றியமையாதது.

5. அலுவலகம் பிறந்த கதை

இடைத்தரகர் இல்லாமல், கட்டணம் வாங்காமல், வேலைச் செய்தியைப் பொதுவில் வைக்க வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. பிரித்தானியாவில் 1909இல் சட்டம் இயற்றப்பட்டு, 1910இல் அரசின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 1919இல் தோன்றிய உலகத் தொழிலாளர் அமைப்பு, கட்டணமற்ற பொது வேலைவாய்ப்பு அலுவலகங்களை நாடுகள் அமைக்க வேண்டும் என்று தன் முதல் ஆண்டிலேயே உடன்படிக்கை கண்டது.

இந்தியாவில் 1945இல் இப்பணி தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு வேலை தேடித் தருவதே முதல் நோக்கமாக இருந்தது. பின்னர் 1948 முதல் அனைவருக்கும் அதன் கதவுகள் திறந்தன. 1959இல் இயற்றப்பட்ட சட்டம், அரசு நிறுவனங்களும் 25 பேருக்குக் குறையாத ஆள்களைக் கொண்ட தனியார் நிறுவனங்களும் தம் காலிப்பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிப்பதே கட்டாயம்; அலுவலகம் அனுப்புபவரையே அமர்த்த வேண்டும் என்பது கட்டாயமன்று. ஆகவே பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர். காத்திருப்போரையும் நிறுவனங்களையும் ஒரே கூரையின்கீழ் அழைத்துவரும் முயற்சியே வேலைவாய்ப்பு முகாம்.

6. முகாம் நடைபெறும் முறை

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' உள்ளது. மாதந்தோறும் வெள்ளிக்கிழமை ஒன்றில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமை அது நடத்துகிறது. பெரிய முகாம்கள் கல்லூரி வளாகங்களில், பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடைபெறும். நடுவண் அரசு 2015இல் தொடங்கிய தேசிய வாழ்க்கைத் தொழிற்சேவை இணையத்தளத்திலும் நாட்டின் பல பகுதிகளில் நடைபெறும் முகாம்கள் அறிவிக்கப்படுகின்றன. அத்தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை.

முகாம் அறிவிப்பைப் படித்தால் சில செய்திகள் தவறாமல் இடம்பெறுவதைக் காணலாம். நாள், இடம், நேரம் ஆகியவற்றோடு கல்வித்தகுதியும் வயது வரம்பும் குறிக்கப்படும். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர் முதல் பட்டதாரிகள் வரை, ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தோர் உட்பட, பலரும் அழைக்கப்படுவர். தன்விவரக் குறிப்பு, கல்விச் சான்றிதழ்களின் நகல்கள், ஆதார் அட்டை, கடவுச்சீட்டு அளவு ஒளிப்படம் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்வர். அனுமதி இலவசம் என்றும் இருக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. முகாமில் தனியார் வேலை பெற்றாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு நீக்கப்படமாட்டாது என்பது அது. அரசுப் பணிக்குரிய பதிவுமூப்பு போய்விடுமோ என்று அஞ்சியே சிலர் முகாமுக்கு வரத் தயங்குவர். அவ்வச்சத்தைப் போக்கவே அவ்வரி சேர்க்கப்படுகிறது.

முகாமின் வாயிலில் பெயர் பதிவு செய்யப்படும். உள்ளே நிறுவனந்தோறும் ஒரு மேசை, அதன்முன் வரிசை. விரும்பும் மேசைக்குச் சென்று தன்விவரக் குறிப்பைக் கொடுத்து நேர்காணலில் பங்கேற்கலாம். ஒரே நாளில் பல மேசைகளை அணுகலாம். தேர்வு பெற்றவர்க்கு அன்றே பணிநியமன ஆணை கிடைப்பதும் உண்டு. அடுத்த கட்டத் தேர்வுக்கு அழைப்பு வருவதும் உண்டு. ஒன்றும் கிடைக்காமல் திரும்புவோரும் பலர். ஆயினும், எவ்வேலைக்கு எத்தகுதி கேட்கின்றனர் என்பதை அறிந்து திரும்புவதும் ஒரு பயனே.

7. மேசையின் முன்: மாதிரி உரையாடல்

அலுவலர்: வாருங்கள் அம்மா, அமருங்கள். தன்விவரக் குறிப்பின் படி ஒன்று இருக்கிறதா?

விண்ணப்பதாரர்: இருக்கிறது, ஐயா. இதோ.

அலுவலர்: மின்பணியாளர் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள். நன்று. மின்னோட்டத்தின் அலகு எது?

விண்ணப்பதாரர்: ஆம்பியர், ஐயா.

அலுவலர்: சரி. எங்கள் நிறுவனத்தின் விளக்கத்தாள் உங்களிடம் இல்லையா? இதை வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பதாரர்: நன்றி, ஐயா. இதில் மாத ஊதியம் 15,000 ரூபாய் என்றிருக்கிறது. பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்?

அலுவலர்: வருங்கால வைப்புநிதி, காப்பீடு, விடுதி, உணவு ஆகியவற்றுக்குப் பிடிப்போம். கணக்கு எழுதித் தருகிறேன்.

விண்ணப்பதாரர்: வேலை நேரம் எட்டு மணியா, பன்னிரண்டு மணியா?

அலுவலர்: எட்டு மணி. அதற்குமேல் உழைத்தால் அந்நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம்.

விண்ணப்பதாரர்: என் மூலச் சான்றிதழ்களை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்வீர்களா, ஐயா? நான் தீவிலிருந்து வருகிறேன். அவற்றைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

அலுவலர்: இல்லை அம்மா. சரிபார்த்து அன்றே திருப்பித் தந்துவிடுவோம். பக்கத்து அறையில் எழுத்துத்தேர்வு தொடங்கப்போகிறதே, நீங்கள் செல்லவில்லையா?

8. கையில் வருவது எவ்வளவு?

மேலே கண்ட விண்ணப்பதாரரின் ஊதியத்தைக் கணக்கிடுவோம். விடுதிக்கு 2,500 ரூபாயும் உணவுக்கு 1,500 ரூபாயும் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட தொகைகள். வைப்புநிதிக்குத் தொழிலாளியின் பங்கு அடிப்படை ஊதியத்தில் 12 விழுக்காடு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு அவர் பங்கு 0.75 விழுக்காடு. 15,000 ரூபாய் முழுவதும் அடிப்படை ஊதியம் என்று கொள்வோம்.

மாத ஊதியம்: 15,000 ரூபாய்
வைப்புநிதி: 1,800 ரூபாய்
காப்பீடு: 113 ரூபாய்
விடுதி: 2,500 ரூபாய்
உணவு: 1,500 ரூபாய்
கையில் வருவது: 9,087 ரூபாய்

பிடித்தம் அனைத்தும் இழப்பல்ல. வைப்புநிதி தொழிலாளியின் சேமிப்பு. முதலாளியும் அதற்குத் தம் பங்கைச் செலுத்த வேண்டும். காப்பீடு நோயுற்ற காலத்தில் மருத்துவம் தரும். ஆயினும் 15,000 ரூபாய் என எண்ணிச் செல்பவர் 9,087 ரூபாயைப் பெறும்போது ஏமாற்றப்பட்டதாக உணர்வார். முன்பே கணக்கிட்டவரோ, ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம், விடுமுறையில் கப்பற்கட்டணத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று திட்டமிடுவார்.

9. துண்டு இன்றும் உண்டு

துண்டுமுறை சட்டத்தால் ஒழிந்தது. அதன் நிழல் ஒழியவில்லை. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் சில நூற்பாலைகள், மூன்றாண்டு உழைத்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வறிய குடும்பத்துப் பெண்களை அழைத்தன. அதைச் 'சுமங்கலித் திட்டம்' என்றனர். காலம் முடியுமுன் நோயுற்றோ மனம் வருந்தியோ வெளியேறியவர் அத்தொகையை இழக்க நேர்ந்தது. ஊதியத்தைப் பிடித்துவைப்பதும் ஒருவரைக் கட்டிவைப்பதும் வேறுவேறல்ல.

ஆகவே பின்வருவனவற்றை மனத்தில் கொள்க:

• வேலை தருவதற்காகப் பணம் கேட்பவரிடம் செல்லாதீர். முகாமில் பதிவுக்கோ நேர்காணலுக்கோ கட்டணம் இல்லை.
• ஊதியம், வேலைநேரம், பணியிடம் ஆகியவை பணிநியமன ஆணையில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அதன் படி ஒன்றை வீட்டிலும் வைத்துச் செல்லுங்கள்.
• மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவராதீர்.
• வெளிநாட்டு வேலை எனில், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று அறிந்த பின்னரே ஒப்புக்கொள்ளுங்கள்.
• விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் இடாதீர்.

கங்காணியின் பின்னே சென்ற நம் முன்னோர்க்குத் துணிவு குறைவில்லை, உழைப்புக் குறைவில்லை. கேட்டறியும் வாய்ப்பே அவர்களுக்குக் கிட்டவில்லை. முகாமின் மேசை நமக்குத் தருவது அவ்வாய்ப்பை. அங்கே வாய்திறந்து கேளாதவர்க்கு அம்மேசையும் மற்றொரு கங்காணியே.

தெரிந்து தெளிவோம்

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்காக 1979இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும். தொழிலாளியின் ஒளிப்படம் ஒட்டி, பணியிடமும் ஊதியமும் குறித்த கையேடு ஒன்றை அவரிடமே தர வேண்டும். பயணப்படியும் தர வேண்டும் என்று அது விதித்தது. இச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் ஒன்றில் சேர்க்கப்பட்டது. துண்டு தொழிலாளியின் கடனைச் சொன்னது. கையேடு அவரது உரிமையைச் சொன்னது.

சொல்லும் பொருளும்

காலிப்பணியிடம் – ஆள் அமர்த்தப்படாத பணி
தன்விவரக் குறிப்பு – ஒருவர் தம் கல்வி, திறமை முதலியவற்றை எழுதித் தரும் தாள்
நேர்காணல் – நேரில் வினவித் தகுதி அறிதல்
பணிநியமன ஆணை – வேலையில் அமர்த்தியதை அறிவிக்கும் எழுத்து
பதிவுமூப்பு – முன்னர்ப் பதிந்ததால் பெறும் வரிசை உரிமை
பிடித்தம் – ஊதியத்தில் கழிக்கப்படும் தொகை

மதிப்பீடு

அ. குறுவினா
1. இங்கிலாந்துச் சந்தையில் ஆட்டிடையர் எதனை அணிந்து நின்றார்? ஏன்?
2. 'துண்டு' என்பது யாது? அது எப்போது ஒழிக்கப்பட்டது?
3. தனியார் வேலை பெற்றாலும் பதிவு நீக்கப்படாது என்று முகாம் அறிவிப்பில் குறிப்பிடுவது ஏன்?

ஆ. சிறுவினா
1. முச்சந்தியில் ஆள் எடுப்பதற்கும் முகாமில் ஆள் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. மாத ஊதியம் 12,000 ரூபாய். அனைத்தும் அடிப்படை ஊதியம். விடுதிக்கு 2,000 ரூபாய் பிடிக்கின்றனர், உணவு இலவசம். கையில் வரும் தொகையைக் கணக்கிடுக. பாடத்தில் கண்ட வேலையோடு ஒப்பிட்டு, எதனை ஏற்பீர் எனக் காரணத்துடன் எழுதுக.

இ. மொழியோடு விளையாடு
வினா ஆறு வகைப்படும்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஏழாம் பகுதியிலுள்ள உரையாடலில் இவ்வாறு வகைகளும் உள்ளன. அவற்றைக் கண்டறிந்து எடுத்தெழுதுக. விடை அறிந்தே கேட்டவர் யார்? அறியாமையால் கேட்டவர் யார்?

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டில் முதன்முதலாக இத்தீவுக்கு வேலைக்கு வந்தவர் யார் என்று பெரியோரிடம் கேளுங்கள். அவ்வேலையைப் பற்றி அவருக்குச் சொன்னவர் யார்? சொன்ன ஊதியம் கிடைத்ததா? அவர்கள் கூறுவதைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக. எழுதுமுன் அவர்களின் இசைவைப் பெறுக.